வீவக வீட்டுக்கு ஒரு மரக் கடைசல் லேத்: தேர்வு, பழுது, முதல் சப்பாத்திக் கட்டை

பம்பரம், செப்புச் சாமான், மத்து, சப்பாத்திக் கட்டை, மிளகு அரைக்கும் குப்பி, கையகலக் கிண்ணம். இவற்றில் எதைக் கடையப்போகிறோம் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு லேத் (கட்டையைச் சுழற்றிக் கடையும் இயந்திரம்) பார்க்கப் போனால் பாதித் தேர்வு அங்கேயே முடிந்துவிடும். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். விலை படிந்ததை வாங்கி வீட்டில் இறக்கிவிட்டு, இதில் என்ன கடையலாம் என்று பிறகு தேடுகிறார்கள்.

கீழே இருப்பது, சிங்கப்பூரில் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு ஒன்றின் சிறிய அறைக்காகப் பழைய 12 அங்குல லேத் ஒன்றைத் தேர்ந்து, தேற்றி, ஓடவைத்த வேலையின் பதிவு. புதிது வாங்குவோர் பழுதுப் பகுதியைத் தாண்டிப் போகலாம். தேர்வுப் பகுதி இரண்டு தரப்புக்கும் ஒன்றுதான்.

விட்டமும் நீளமும்

10 அங்குலம், 12 அங்குலம் என்று சொல்வது பெட்டுக்கு (லேத்தின் அடித்தண்டவாளம்) மேல் சுழலக்கூடிய பெரிய கட்டையின் விட்டம். ஸ்பிண்டில் (கட்டையைச் சுழற்றும் தண்டு) நடுவிலிருந்து பெட் வரை அளந்து இரட்டித்தால் இந்த எண் வரும். ஆனால் உளியைச் சாய்த்துப் பிடிக்கும் டூல் ரெஸ்ட்டைத் தாங்கும் பாஞ்சோவும் அதே பெட்மீதுதான் உட்காருகிறது. கிண்ணத்தின் அடிப்புறத்தைக் கடைய, பாஞ்சோ கட்டைக்கு அடியில் நுழைய வேண்டும். 10 அங்குல லேத் சிலவற்றில் 200 மி.மீ. கட்டையே பாஞ்சோவில் இடிக்கும். ஆகவே ஸ்கேலை பெட்டில் வைக்காமல் பாஞ்சோவின் முதுகில் வைத்து அளந்து பாருங்கள். அதுதான் உண்மையான விட்டம்.

நீளத்தில் ஏமாறுவது இன்னும் எளிது. 350 மி.மீ. சப்பாத்திக் கட்டைக்கு, கட்டையைப் பிடிக்கும் இரு முனைகளுக்கு இடையே 400 மி.மீ. உள்ள லேத் தாராளம். 250 மி.மீ. மிளகுக் குப்பிக்கு அதே லேத் போதாது. கட்டையைக் கவ்விப் பிடிக்கும் சக் 90 மி.மீ. அளவுக்குத் தின்னும். எதிர்முனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக்கில் மாட்டும் டிரில் சக்கும் பிட்டும் சேர்ந்து 150 தின்னும். கட்டை 250. மொத்தம் 490. துளை போட வேண்டிய எந்தச் சாமானுக்கும் கட்டையின் நீளத்தை இரட்டித்துக் கணக்குப் போடுவது பாதுகாப்பு. அதற்காக, இரண்டு இரும்புக் குழாய்களைப் பெட்டாக வைத்து 1000 மி.மீ. நீளம் என்று விற்கும் லேத்தின் பக்கம் போக வேண்டாம். குழாய் வளையும், டெயில்ஸ்டாக் ஆடும், உளி துள்ளும். வார்ப்பிரும்பு பெட்டில் 500 மி.மீ. இருந்தால் வீட்டு வேலைக்கு அதிகம்.

எடை குறைந்தால் தூக்க வசதி என்று நினைப்பதும் தவறு. கடைசலில் எடைதான் பிடிமானம். 40 கிலோவுக்குமேல் உள்ள 12 அங்குல லேத்தை இரண்டு பேர் தூக்கி மின்தூக்கியில் ஏற்றலாம். டெயில்ஸ்டாக்கையும் பாஞ்சோவையும் முதலில் உருவிவிடுங்கள். ஸ்பிண்டில் இருக்கும் ஹெட்ஸ்டாக் பக்கம்தான் கனம் என்பதால் பலசாலி அந்தப் பக்கம்.

வேகம்: மேல் எண்ணைவிடக் கீழ் எண் முக்கியம்

விளம்பரத்தில் 3600, 4000 சுற்று என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அது வேண்டியதே இல்லை. குறைந்தபட்ச வேகம் எவ்வளவு என்று கேளுங்கள். விட்டத்தை மி.மீ.யில் எடுத்து நிமிடச் சுற்றுகளால் பெருக்கினால் 150,000 முதல் 225,000 வரை வர வேண்டும் என்பது கடைசல்காரர்களின் பழைய கணக்கு. 200 மி.மீ. கிண்ணத்துக்கு 750 முதல் 1125 சுற்று. 300 மி.மீ.க்கு 500 முதல் 750. இது உருண்டையாகிச் சமநிலைக்கு வந்த கட்டைக்கான கணக்கு. மரம் அறுத்த வாக்கில், ஒரு பக்கம் பட்டையும் ஒரு பக்கம் வைரமுமாக (கெட்டியான நடுமரம்) இருக்கும் கட்டையை இதில் பாதியில் தொடங்க வேண்டும். 750க்குக் கீழே இறங்காத பெல்ட்டை இடம் மாற்றி வேகம் மாற்றும் ஐந்து புல்லிப் படி லேத்தில் அப்படிப்பட்ட கட்டையை மாட்டினால் மேசையே நடக்க ஆரம்பிக்கும். 250 சுற்றுக்காவது இறங்க வேண்டும். அதற்கும் கீழே போனால் இன்னும் நல்லது.

குமிழைத் திருகி வேகம் மாற்றும் லேத்திலும் புல்லி படிகள் இரண்டு மூன்று இருக்கும். இதைக் கவனிக்காமல், பெல்ட்டை வேகப் படியிலேயே விட்டுவிட்டுக் குமிழை மட்டும் குறைத்துக் கிண்ணம் கடைவது அடிக்கடி நடக்கும் தவறு. இவ்வகை மோட்டார் மெதுவாகச் சுற்றும்போது அதன் சக்தியும் அதே விகிதத்தில் இறங்குகிறது. உள்ளே இருக்கும் விசிறியும் மெதுவாவதால் குளிர்ச்சி போய்விடும். உளி சற்று ஆழமாகப் பட்டதும் நின்றுபோகும், மோட்டாரின் கட்டுப்பாட்டுப் பலகை சூடாகித் துண்டித்துக்கொள்ளும். பெல்ட்டை மெதுவான படிக்கு மாற்றினால் அதே 550 வாட் மோட்டார் முனகாமல் வேலை செய்யும். பழைய லேத்தை விற்பவர் 'மோட்டாருக்குப் பலம் இல்லை' என்று விலையைக் குறைத்துச் சொன்னால், முதலில் பெல்ட் எந்தப் படியில் கிடக்கிறது என்று பாருங்கள். சில நேரம் அது நமக்கு அடித்த யோகம்.

வாட் கணக்கில் 370 பம்பரத்துக்கும் பேனாவுக்கும் சரி. 200 மி.மீ. கிண்ணத்துக்கு 550. அதற்குமேல் 750.

மரை: எல்லாவற்றையும் தீர்மானிக்கும் இரண்டு எண்கள்

சக், கட்டையைத் திருகாணியால் பூட்டும் முகத்தட்டு எல்லாம் ஸ்பிண்டில் மரையில்தான் ஏறுகின்றன. மரை சரியில்லாத லேத்துக்குப் பிறகு எந்தச் சாமானும் கிடைக்காது. தைவான், அமெரிக்க வழியில் வரும் நடுத்தர லேத்துகளில் 1 அங்குலம், அங்குலத்துக்கு 8 மரை. ஐரோப்பிய வழியில் எம்33, 3.5 மி.மீ. இடைவெளி. பழைய பிரிட்டிஷ் சிறு லேத்துகளில் முக்கால் அங்குலம், 16 மரை. முதல் இரண்டுக்கும் சக் தாராளமாகக் கிடைக்கும். மூன்றாவதற்கும் கிடைக்கும், தேட வேண்டும். எம்18, எம்14 என்று வரும் பொடி லேத்துகளில் சொந்தச் சக்கோடு நின்றுவிட வேண்டியதுதான்.

வெர்னியர் அளவியை எடுத்துக்கொண்டு போங்கள். மரையின் வெளிவிட்டம் 25.4 மி.மீ.க்கு ஒரு மயிரிழை குறைவாகக் காட்டி, ஓர் அங்குல நீளத்தில் 8 மேடு எண்ணினால் அது 1 அங்குல மரை. விற்பவர் வாயால் சொல்லும் எண்ணை நம்பி வேறு நாட்டிலிருந்து சக் தருவித்தால், ஒன்றரைச் சுற்று ஏறி இறுகி நிற்கும். பலம் போட்டு ஏற்றிவிடாதீர்கள், ஸ்பிண்டில் மரை போய்விடும்.

ஏறினால் மட்டும் போதாது. சக்கின் பின்முகம் ஸ்பிண்டிலின் தோள்மீது முழுதாக உட்கார வேண்டும். மரையிலேயே முட்டி நின்றால் சக் தள்ளாடும். ஒரு துண்டு செய்தித்தாளை இடுக்கில் விட்டுப் பாருங்கள். உள்ளே போனால் உட்காரவில்லை என்று பொருள். பல நேரம் மரையின் அடியில் கெட்டித்துப்போன மரத்தூளும் பிசினும்தான் காரணம். பல் தேய்க்கும் பழைய பிரஷ்ஷும் மண்ணெண்ணெயும் போதும். மரை மாற்றும் அடாப்டர் கடைசி வழி. அது சக்கை இன்னும் 20, 30 மி.மீ. வெளியே தள்ளும், அந்த நீளமெல்லாம் நடுக்கமாகத் திரும்பி வரும்.

ஸ்பிண்டில் உள்ளேயும் டெயில்ஸ்டாக்கிலும் இருக்கும் சரிவுக் குழி இரண்டாம் எண் மோர்ஸ் டேப்பராக இருக்கட்டும். வாய் விட்டம் சுமார் 17.8 மி.மீ. முதலாம் எண்ணுக்கு நல்ல லைவ் சென்டர் (கட்டையோடு சேர்ந்து சுழலும் டெயில்ஸ்டாக் கூர்) தேடுவதற்குள் கடைசல் ஆசையே தணிந்துவிடும்.

மின்சாரம்

இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 13 ஆம்பியர் சதுர முள் பிளக். 750 வாட் வரை சாதாரணச் சுவர் இணைப்பு போதும். அமெரிக்க இணையக் கடையில் மலிவாகத் தெரியும் லேத் 110 வோல்ட்டுக்கானது. டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி ஓட்டலாம், ஆனால் 45 கிலோ சரக்குக் கட்டணத்தையும் சேர்த்துப் பார்த்தால் மலிவு காணாமல் போகும். பொருள், சரக்குக் கட்டணம், காப்புறுதி மூன்றும் சேர்ந்து 400 வெள்ளியைத் தாண்டினால், அந்த முழுத் தொகைக்கும் 9 விழுக்காடு பொருள் சேவை வரியை இறக்குமதியின்போது கட்ட வேண்டும். 2024 முதல் இந்த விகிதம்.

பட்டறை மூடும்போது விற்பனைக்கு வரும் கனமான லேத்துகள் பெரும்பாலும் 400 வோல்ட் மூன்று ஃபேஸ். வீவக வீட்டுக்கு வருவது ஒற்றை ஃபேஸ். மோட்டார் தகட்டில் 230/400 என்று இரண்டும் பொறித்திருந்தால், உள் இணைப்பை டெல்டாவுக்கு (முக்கோண இணைப்பு) மாற்றி, ஒற்றை ஃபேஸ் உள்வாங்கும் வேகக் கட்டுப்பாட்டு இன்வெர்ட்டர் ஒன்றைப் போட்டு ஓட்டலாம். 400 மட்டும் இருந்தால் ஆசையை விட்டுவிடுங்கள். இன்வெர்ட்டரின் வடிகட்டியில் சிறு கசிவு மின்னோட்டம் எப்போதும் இருக்கும். 30 மில்லி ஆம்பியர் கசிவுத் தடுப்பான் காரணமில்லாமல் விழுந்தால் முதல் சந்தேகம் அங்கே. சுவருக்குள் போகும் கம்பியில் மட்டும் கைவைக்கக் கூடாது, உரிமம் பெற்ற மின் பணியாளரைத்தான் கூப்பிட வேண்டும்.

பழையதைப் பார்க்கும் பதினைந்து நிமிடம்

கேரோசல் இணையச் சந்தையில் வரும் படங்களில் பெட் பளபளக்கும். நேரில் பார்க்கும்போது கொண்டுபோக வேண்டியவை: வெர்னியர், டார்ச், அதே மரையுள்ள ஒரு சக் அல்லது நட், ஒரு ஸ்பர் சென்டர் (ஸ்பிண்டில் பக்கம் கட்டையில் பதியும் பல்முனை), ஒரு லைவ் சென்டர், அரை மீட்டர் கட்டை ஒன்று.

பிளக்கை உருவிவிட்டு ஸ்பிண்டிலைக் கையால் சுற்றுங்கள். மணலில் உருள்வதுபோல் இருந்தால் பேரிங் போய்விட்டது. அது குறையே அல்ல, பேரிங் மலிவு. அரை மீட்டர் கட்டையைச் சக்கில் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். 'டிக் டிக்' என்று ஆட்டம் தெரிந்தால், ஆட்டம் பேரிங்கிலா, பேரிங் உட்காரும் குழியிலா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். குழி தேய்ந்து பேரிங்கின் வெளிவளையமே நகர்ந்தால் அந்த லேத் வேண்டாம். அதைச் சரிசெய்யும் கூலியில் இன்னொன்று வாங்கிவிடலாம்.

மோட்டாரைக் குறைந்த வேகத்தில் போட்டு ஐந்து நிமிடம் விடுங்கள். வேகம் தானாக ஏறி இறங்கினால், குமிழுக்குப் பின்னுள்ள பொட்டென்ஷியோமீட்டர் அழுக்காக இருக்கலாம், வேகம் படிக்கும் சென்சாரில் தூள் படிந்திருக்கலாம், கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். மூன்றும் சின்ன வேலைகள். கட்டுப்பாட்டுப் பலகை எரிந்த வாடை வந்தால் மட்டும், அந்த மாடலுக்குப் பலகை இன்னும் விற்பனையில் இருக்கிறதா என்று உறுதிசெய்த பிறகே விலை பேசுங்கள். வார்ப்பிரும்பு ஐம்பது வருடம் நிற்கும், பலகை நிற்காது.

பாஞ்சோவைப் பூட்டி டூல் ரெஸ்ட்டின் முனையில் உடம்பு எடையைச் சாய்த்துப் பாருங்கள், நழுவக் கூடாது. டெயில்ஸ்டாக்கும் அப்படியே.

தேற்றிய வேலை

இந்தப் பதிவுக்குரிய லேத்: 12 அங்குலம், முனைகளுக்கிடையே 520 மி.மீ., 550 வாட், மூன்று புல்லிப் படி, 1 அங்குலம் 8 மரை. குறைகள்: பெட்டில் துரு, 1200 சுற்றுக்குமேல் ஊளை, டூல் ரெஸ்ட்டில் வடு, முனைகள் சந்திக்கவில்லை.

முதல் நாள் துரு. மேற்பரப்பைத் தட்டையான மரத்துண்டில் சுற்றிய 320 எண் உப்புத்தாளால், மண்ணெண்ணெய் தொட்டு, பெட்டின் நீளவாக்கில் மட்டும் தேய்த்தது. குறுக்கே தேய்த்தால் கோடு விழும், டெயில்ஸ்டாக் தட்டித்தட்டி நகரும். அடுத்து 600 எண். குழிவிழுந்த கறுப்புப் புள்ளிகள் போகவில்லை, போக வேண்டிய தேவையும் இல்லை. சுத்தமாகத் துடைத்துப் பேஸ்ட் மெழுகு இரண்டு பூச்சு. எண்ணெய் பூசக் கூடாது: சீவல் ஒட்டிக் களிம்பாகும். சிலிக்கோன் கலந்த ஸ்ப்ரேயும் கூடாது: அது கைபட்டு மரத்துக்குப் போனால் பாலிஷ் பிடிக்காது. ஈரமான மரத்தைக் கடைந்த அன்றைக்கே பெட்டைத் துடைத்தாக வேண்டும். மரத்தின் துவர்ப்புச் சாறும் இரும்பும் சேர்ந்தால் ஓர் இரவில் கருநீலக் கறை விழும். சன்னல் திறந்தே கிடக்கும் வீட்டில் மாதம் ஒருமுறை மெழுகு.

டூல் ரெஸ்ட்டுக்கு இருபது நிமிடம். வடு உள்ள இடத்தில் உளி தங்கித் தங்கிக் குதிக்கும், அந்தக் குதிப்பு அப்படியே மரத்தில் பதியும். நீள அரத்தை இரண்டு கையால் பிடித்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே இழுப்பாக இழுத்து, பிறகு 240 தாள், மெழுகு. செலவில்லாத இந்த வேலை தரும் பலனை வேறெதுவும் தராது.

இரண்டாம் நாள் பேரிங். கைச்சக்கரத்தைக் கழற்றி, புல்லியின் கிரப் ஸ்க்ரூக்களை (தலையில்லாத சிறு திருகாணிகள்) தளர்த்தி, பின்முனையில் மரத்துண்டு வைத்து ரப்பர் சுத்தியலால் தட்ட, ஸ்பிண்டில் டெயில்ஸ்டாக் பக்கமாக வெளியே வந்தது. கிரப் ஸ்க்ரூ கடித்த இடத்தில் ஸ்பிண்டிலில் சிறு பிசிறு எழும்பியிருக்கும். தட்டும்போது பாதி வழியில் இறுகினால் நிறுத்தி, எட்டிய இடத்தில் பிசிறை அரத்தால் எடுத்த பிறகே தொடர வேண்டும். இல்லாவிட்டால் புல்லியின் துளை கீறிவிடும். முன்பேரிங் 6005, பின்பேரிங் 6004. எண் பேரிங்கின் பக்கவாட்டிலேயே பொறித்திருக்கும், உங்களுடையதைப் படித்து வாங்குங்கள். இரும்புத் தகட்டு மூடியைவிட இருபுறமும் ரப்பர் சீல் உள்ளது மரத்தூளுக்கு நல்லது. ஜாலான் புசார் பக்கத்து ஹார்டுவேர் கடைகளில் பழையதைக் கையில் கொடுத்தாலே எடுத்துத் தருவார்கள்.

மாட்டும்போது ஒரே விதி. தண்டின்மேல் ஏற்றினால் உள்வளையத்தில் மட்டும் அழுத்தம், குழிக்குள் இறக்கினால் வெளிவளையத்தில் மட்டும். மாற்றித் தட்டினால் அடி குண்டுகள் வழியாகப் போய்ப் பாதையில் பள்ளம் விழும். புதுப் பேரிங்கே ஊளையிடுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். தண்டை உறைபனிப் பெட்டியில் வைத்துச் சுருக்கும் தந்திரம் குளிர்நாட்டுக்காரர்களுக்குச் சரி. இங்கே வெளியே எடுத்த நிமிடமே நீர் கோத்துக்கொள்ளும், அந்த நீர் பேரிங் இருக்கையில் தங்கித் துருவாகும். அதைவிட, குழியுள்ள வார்ப்பை முடி உலர்த்தியால் சூடாக்குவது மேல்.

ஸ்பிண்டில் வெளியே வந்த கையோடு பெல்ட்டையும் மாற்றிவிட வேண்டும். இவ்வகை லேத்தில் பெல்ட் ஸ்பிண்டிலைச் சுற்றிச் சிறைப்பட்டிருக்கிறது. ஆறு மாதம் கழித்து பெல்ட் வெடித்தால் இந்த வேலை முழுதும் மறுபடி. பெல்ட் முதுகில் 180ஜே6 என்பதுபோல் எழுதியிருக்கும்: 18.0 அங்குலச் சுற்றளவு, ஜே வகை, 6 வரி. அழிந்துபோயிருந்தால் வரிகளை எண்ணி, நூலால் சுற்றளவை எடுத்துக்கொள்ளலாம்.

பின்பக்க நட்டை ஆட்டம் போகும்வரை இறுக்கி, அங்கேயே நிறுத்தியது. 1500 சுற்றில் இருபது நிமிடம் ஓடிய பிறகு ஹெட்ஸ்டாக்கில் உள்ளங்கையை வைக்க முடிய வேண்டும். சுட்டால் நட்டு அதிக இறுக்கம்.

மூன்றாம் நாள் முனைகள். ஸ்பர் சென்டரின் கூரும் லைவ் சென்டரின் கூரும் அரை மி.மீ.க்குமேல் விலகியிருந்தன. உடனே ஹெட்ஸ்டாக்குக்கு அடியில் தகடு வைக்கத் தோன்றும், வைக்காதீர்கள். முதலில் லேத்தை மேசையோடு பிணைத்த நான்கு போல்ட்டையும் தளர்த்துங்கள். தளர்த்தியதும் விலகல் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறைந்தது. குற்றம் மேசையில்: பலகை கோணலாக இருக்க, போல்ட் இறுக இறுக வார்ப்பிரும்பு பெட்டே முறுக்கிக்கொள்கிறது. எந்தக் காலடியில் இடைவெளி என்று பார்த்து, பானத் தகரக் குவளையில் வெட்டிய துண்டுகளை அங்கே வைத்து இறுக்கியதும் சரியானது. அந்தத் தகரம் ஏறக்குறைய 0.1 மி.மீ. தடிமன். இதற்கென்று வேறு தகடு வாங்க வேண்டாம்.

இரு முனைகளுக்கு இடையே கட்டையைப் பிடித்துக் கடையும்போது இந்த விலகல் தெரியவே தெரியாது, உளியைப் பிடிப்பது கை அல்லவா. டெயில்ஸ்டாக்கிலிருந்து துளை போடும்போதுதான் துளை வாய் அகன்று மாட்டிக்கொள்வோம்.

இடமும் சத்தமும்

பொது நடைபாதையில் வைக்கும் எண்ணம் வேண்டாம். அங்கே 1.2 மீட்டர் வழி எப்போதும் விட்டிருக்க வேண்டும், நகர மன்றமும் குடிமைத் தற்காப்புப் படையும் சும்மா இருக்கமாட்டார்கள். வீட்டுக் காப்பறைமீது (குண்டுத் தாக்குதலிலிருந்து காக்கும் அறை) பலரும் கண்வைக்கிறார்கள். கனத்த சுவர், இரும்புக் கதவு, சத்தம் அடங்கும் என்பது உண்மை. ஆனால் காற்றோட்டமில்லாத அந்தச் சிறு அறையில் நுண்தூள் மணிக்கணக்கில் மிதக்கும், வெக்கையும் தாங்காது. துணி காயப்போடும் பின்கட்டில் வைத்தால் கீழ்வீட்டுத் துணிமீது மரத்தூள் விழும், சண்டை நிச்சயம். சன்னலுள்ள சிறு அறைதான் மிஞ்சுகிறது.

பக்கத்து வீட்டுக்குக் கேட்பது லேத்தின் இரைச்சல் அல்ல, தரைவழியாகப் போகும் அதிர்வு. மேசை சுவரைத் தொடாமல் 50 மி.மீ. தள்ளி நிற்கட்டும். கால்களுக்கடியில் சலவை இயந்திரத்துக்குப் போடும் ரப்பர் திண்டு. மேசையின் கீழ்த்தட்டில் நான்கு 10 கிலோ மணல் மூட்டை. மேற்பலகை 18 மி.மீ. ப்ளைவுட் இரண்டு ஒட்டியது. ஸ்பிண்டில் நடு முழங்கை உயரத்துக்கு வர வேண்டும், முதுகுவலிக்கு அதுவே மருந்து. நேரத்துக்கு வீவகவின் புதுப்பிப்புப் பணி விதியையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்: அதிகச் சத்தமுள்ள வேலைகள் வாரநாளில் காலை 9 முதல் மாலை 5 வரை மட்டும். பொழுதுபோக்குக்கு அந்த விதி எழுதப்படவில்லை, ஆனால் அக்கம்பக்கத்தார் கடிகாரம் அதைத்தான் பார்க்கும்.

மீதிப் பணம்

லேத்துக்கு எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு மற்றவற்றுக்கும் வேண்டும். நான்கு பல் சக், 50 மி.மீ. பற்களோடு. உளிகள் ஐந்து போதும்: 19 மி.மீ. ரஃபிங் கவுஜ் (சதுரக் கட்டையை உருட்டும் குழிவுளி), 10 மி.மீ. ஸ்பிண்டில் கவுஜ், 10 மி.மீ. கிண்ணக் கவுஜ், 19 மி.மீ. ஸ்க்யூ (வாய் சாய்ந்த தட்டை உளி), 3 மி.மீ. பார்ட்டிங் உளி (பள்ளமிட, துண்டிக்க). எல்லாம் ஹைஸ்பீடு எஃகு. எட்டு உளி மலிவுப் பெட்டியில் இருப்பது சாதாரண எஃகானால் கிரைண்டரில் ஒருமுறை நீலம் பாய்ந்ததும் அந்த முனை செத்தது. ரஃபிங் கவுஜைக் கிண்ணத்தில் ஒருபோதும் வைக்காதீர்கள். அதன் கைப்பிடிக்குள் போகும் வால் மெல்லியது, வெட்டுமுகம் கடித்தால் அங்கேதான் முறியும்.

8 அங்குல கிரைண்டர், மெதுவான வகை, நிமிடத்துக்கு 1400 சுற்றுச் சொச்சம், கூடவே சாணைக் கோணத்தை மாறாமல் பிடிக்கும் ஒரு ஜிக். இதை 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளுவோர்தான் இரண்டு மாதத்தில் லேத்தை விற்கிறார்கள். கிண்ணக் கவுஜ் 55 முதல் 60 பாகை, ஸ்பிண்டில் கவுஜ் 40 முதல் 45, ஸ்க்யூ இரண்டு முகமும் சேர்த்து 40க்குள். கிரைண்டர் லேத்துக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. சீவல் குவியலில் ஒரு பொறி போதும். தூள் உறிஞ்சும் குழாயின் வாயருகே வைப்பது அதைவிட மோசம். ஆளிவிதை எண்ணெய் போலக் காயும் எண்ணெய் பட்ட துணியைக் கசக்கிக் குப்பையில் போட்டால் தானே பற்றக்கூடும். விரித்துக் காயவையுங்கள்.

முகம் முழுதும் மறைக்கும் கவசம், என்95 முகக்கவசம். கையுறை கூடாது. கழுத்துச் சங்கிலி, துப்பட்டா, அலுவலக அட்டைக் கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு நிற்க வேண்டும்.

மரம்

சாலையோரத் தூங்குமூஞ்சியும் அங்சானாவும் மகோகனியும் வெட்டுப்படும்போது கண் அங்கேதான் போகும். பூங்காவிலிருந்தோ சாலையோரத்திலிருந்தோ அனுமதியில்லாமல் எடுக்கக் கூடாது. உள்ளூரில் விழுந்த மரத்தை அறுத்து விற்பவர்களிடம் துண்டுகள் கிடைக்கும். சுங்கை காடுட் பக்கத்து மரப் பட்டறைகளில் கழிவுத் துண்டு கேட்டுப் பார்க்கலாம். தூங்குமூஞ்சி கடைய இதமானது, தூள் கண்ணை எரிக்கும். தேக்கில் மணற்சத்து உண்டு, உளி சீக்கிரம் மழுங்கும். மெராந்தி நார்நாராகப் பிய்யும். சாப்பாட்டுச் சாமானுக்கு ரப்பர் மரமும் நியாத்தோவும் நல்லவை. சரக்குத் தட்டு மரமானால் முத்திரையைப் பாருங்கள்: 'எச்டி' (HT) என்றால் சூட்டில் பதப்படுத்தியது, 'எம்பி' (MB) என்றால் மீதைல் புரோமைடு நச்சுப்புகை போட்டது, தொடக் கூடாது.

ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும் ஊரில், திறந்த அறையில் மரம் எவ்வளவு காய்ந்தாலும் 15, 16 விழுக்காட்டு ஈரத்தில் நின்றுவிடும். குளிரூட்டிய அறையில் 11 வரை இறங்கும். ஆகவே காற்றாடி அறையில் இறுக்கமாகப் பொருத்திய மரச் செப்பின் மூடி, குளிரூட்டிய வரவேற்பறையில் தொளதொளக்கும். மூடியுள்ள எதையும், அது கடைசியில் எங்கே இருக்கப்போகிறதோ அங்கே இரண்டு வாரம் கிடந்த மரத்தில் கடையுங்கள். பச்சைக் கிண்ணமானால் முதற்கடைசலில் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு சுவர் விட்டு, 200க்கு 20 மி.மீ., காகிதப் பையில் வைத்து வாரம் ஒருமுறை எடை பார்க்க வேண்டும். எடை இறங்குவது நின்றால் மறுகடைசல். பிளாஸ்டிக் பையில் கட்டினால் நான்கே நாளில் பூஞ்சை.

முதல் சப்பாத்திக் கட்டை

ரப்பர் மரம், 50 × 50 × 380 மி.மீ. இரு முகத்திலும் மூலைக்கு மூலை கோடிழுத்து நடுவில் 3 மி.மீ. துளை, 5 மி.மீ. ஆழம். ஸ்பர் சென்டரை லேத்தில் வைத்து அடிக்காமல், கழற்றி மேசையில் வைத்து மரச்சுத்தியலால் கட்டையில் அடித்துப் பதித்தது. லேத்தில் வைத்து அடித்தால் புதுப் பேரிங்குக்குத்தான் அடி. டெயில்ஸ்டாக்கை இறுக்கி, கால் சுற்றுத் தளர்த்தியது. அளவுக்கு மீறி இறுக்கினால் கட்டை நடுவில் வில்லாகி, ரீங்காரம் கிளம்பி, சுருள்சுருளாக வரி விழும்.

டூல் ரெஸ்ட் கட்டையின் மூலையிலிருந்து 5 மி.மீ. தள்ளி, நடுக்கோட்டுக்குச் சற்றுக் கீழே. கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்த்த பிறகே சுவிட்ச். 1000 சுற்றில் ரஃபிங் கவுஜ், உளியின் முதுகு மரத்தில் உரசிக்கொண்டே கைப்பிடியை மெல்லத் தூக்கும்போது சீவல் வரும். நுனியை நேராக நீட்டினால் கடித்துப் பிடுங்கும். கட்டை குறையக் குறைய டூல் ரெஸ்ட்டையும் உள்ளே தள்ள வேண்டும், லேத்தை நிறுத்திவிட்டு. உருண்டையானதும் 1800. கேலிப்பரை 42 மி.மீ.க்கு வைத்து நான்கு இடத்தில் பார்ட்டிங் உளியால் பள்ளம், நடுவில் இருப்பதைப் பள்ளம் மறையும்வரை எடுத்தால் போதும். நான்கு பள்ளமும் ஒரே நேரத்தில் மறைந்தால் கட்டை நேர்.

இறுதிச் சீவலுக்கு ஸ்க்யூ, வெட்டு அலகின் கீழ்ப்பாதியில் மட்டும். மேல்நுனி மரத்தைத் தொட்டால் 'டபார்' என்று ஒரு சுருள் கிழிசல் ஓடும், 42 இனி 38தான். கை பழகும்வரை 43இல் நிறுத்தி உப்புத்தாளுக்குப் போய்விடலாம்: 120, 180, 240, 320, ஒவ்வொன்றுக்கும் பிறகு லேத்தை நிறுத்தி, நீளவாக்கில் நாலு இழுப்பு. தாளை விரலில் சுற்றாதீர்கள். மினரல் ஆயில் ஒரு பூச்சு, இரவு முழுக்க ஊறவிட்டுக் காலையில் துடைப்பது. ஆளிவிதை எண்ணெய் நாளடைவில் வாடையடிக்கும்.

முனைகளில் ஸ்பர் பதிந்த தழும்பை இரம்பத்தால் அறுத்தெடுத்தபின் நீளம் 350 நின்றது. சமதளக் கண்ணாடிமேல் உருட்டியதில் நடுவில் ஒரு தாள் கனத்துக்கு வெளிச்சம் தெரிந்தது. மாவுக்கு அது தெரியாது.